மெயின்ஃப்ரேம் கூப்பிட்டால் லேப்டாப் எடுக்குமா?

"அண்ணா, எல்லாம் சரியாத்தான் போட்டேன். ஜாப் ஓடுது, ரிட்டர்ன் கோட் ஜீரோன்னு முடியுது. பிரேக்பாயிண்ட்ல மட்டும் நிக்கவே இல்ல."

எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் கம்மனஹள்ளியிலிருந்து அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. நான் இருப்பது பக்கத்து லிங்கராஜபுரத்தில். இருவருமே வீட்டிலிருந்துதான் வேலை. நாங்கள் தொட்டுப் பார்க்கும் மெயின்ஃப்ரேமோ கடல் கடந்து எங்கோ இருக்கிறது.

"உன் லேப்டாப்ல டீபக் டீமன் ஆன்ல இருக்கா? 8001ல கேட்டுக்கிட்டு இருக்கா?"

"அது எதுக்குண்ணா கேக்கணும்? நான்தானே மெயின்ஃப்ரேமைக் கூப்பிடறேன்?"

இந்தக் கேள்விதான் விஷயம். மெயின்ஃப்ரேமில் ரிமோட் டீபக் அமைக்கப் போனவர்களில் பெரும்பாலானோர் முட்டிக்கொள்வது இதே சுவரில்தான். கம்பைல் ஆப்ஷன், ஜேசிஎல், சிஐசிஎஸ் திரை எல்லாம் மேனுவலில் இருக்கிறது. பொறுமையாகப் படித்தால் புரிந்துவிடும். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும் மனதில் தலைகீழாகப் பதிந்திருந்தால் எத்தனை மேனுவல் படித்தும் வேலைக்கு ஆகாது. தம்பிக்கு வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருந்தது நீண்டுகொண்டே போனதால், இங்கே எழுதிவிட்டேன்.

எது எங்கே இருக்கிறது?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஐபிஎம் தரும் டீபக்கருக்குப் பழைய பெயர் டீபக் டூல். இப்போது இசட்/ஓஎஸ் டீபக்கர். அதன் மாட்யூல்களும் செய்திகளும் அன்றும் இன்றும் ஈக்யூஏ என்ற மூன்றெழுத்தில்தான் தொடங்கும். நம் மேசையில் ஓடும் எக்லிப்ஸ் மென்பொருளை டபிள்யூடிஇசட் என்று அழைத்த காலம் ஒன்று, ஆர்டிஇசட் என்று அழைத்த காலம் ஒன்று. இன்று அது ஐடிஇசட். தேடும்போது மூன்று பெயரையும் போட்டுத் தேடுங்கள். நல்ல விளக்கங்கள் பல பழைய பெயரிலேயே கிடக்கின்றன. எக்ஸ்பெடிட்டர், இன்டர்டெஸ்ட் என்று வேறு நிறுவனங்களின் டீபக்கர்களும் உண்டு. நான் தினமும் தொடுவது ஐபிஎம்முடையது என்பதால் இந்தப் பதிவு அதைப் பற்றியது.

ரிமோட் டீபக் என்றதும், டீபக்கர் நம் லேப்டாப்பில் உட்கார்ந்து தொலைவில் இருக்கும் புரோகிராமை எட்டிப் பார்க்கிறது என்று தோன்றும். நடப்பது வேறு. டீபக் எஞ்சின் முழுவதும் மெயின்ஃப்ரேமில்தான் இருக்கிறது. நம் கோபால் புரோகிராம் ஓடும் அதே அட்ரஸ் ஸ்பேஸில் அதுவும் ஏறிக்கொள்கிறது. எந்த வரியில் நிற்பது, வேரியபிளில் என்ன இருக்கிறது, நிபந்தனை நிறைவேறியதா என்பதை எல்லாம் அங்கேயே தீர்மானிக்கிறது. லேப்டாப்பில் இருப்பது திரையும் பொத்தான்களும் மட்டும்.

ஆகவே எஞ்சினுக்கு ஒரு தேவை வருகிறது: "நான் இங்கே நிற்கிறேன், எந்தத் திரையில் காட்டட்டும்?" இதற்கு விடை தெரிந்துகொள்ள அது யாரையாவது கூப்பிட வேண்டும். பழைய, இன்றும் பல இடங்களில் புழங்கும் வழியில், அது கூப்பிடுவது நம் லேப்டாப்பை. எக்லிப்ஸில் ஒரு சின்ன ஐகானைச் சொடுக்கினால் டீபக் டீமன் எழுந்து 8001 என்ற போர்ட்டில் காது கொடுத்துக் காத்திருக்கும். ஜாப் தொடங்கியதும் மெயின்ஃப்ரேம் அந்த போர்ட்டைத் தேடி வரும். அதாவது இந்தக் கதையில் சர்வர் நம் லேப்டாப், கிளையன்ட் மெயின்ஃப்ரேம்.

ஆபீஸில் வேலை செய்தது வீட்டில் ஏன் செய்யவில்லை?

ஆபீஸ் மேசையில் இருந்தவரை இது யாருக்கும் உறுத்தவில்லை. டெஸ்க்டாப்புக்கு நிறுவன நெட்வொர்க்கிலேயே ஒரு நிலையான முகவரி இருந்தது. மெயின்ஃப்ரேமும் அதே நெட்வொர்க்கின் இன்னொரு மூலையில். கூப்பிட்டால் எடுத்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மான்யதா டெக் பார்க்குக்கும் கோல்ஃப் லிங்க்ஸுக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். டெர்மினல் திரை வீட்டிலும் வந்தது, ஜாப் சப்மிட் ஆனது, ஸ்பூல் பார்க்க முடிந்தது. டீபக் மட்டும் வரவில்லை. காரணம் எளிது: டெர்மினல் திரைக்கு நாம் மெயின்ஃப்ரேமைக் கூப்பிடுகிறோம், டீபக்குக்கு அது நம்மைக் கூப்பிட வேண்டும். வீட்டிலிருந்து வெளியே போகும் அழைப்புக்கு ரவுட்டரும் விபிஎன்னும் வழிவிடும். வெளியிலிருந்து உள்ளே வரும் அழைப்பை இரண்டுமே சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

மெயின்ஃப்ரேம் கூப்பிட வேண்டிய இடம் என்று தம்பி ஜேசிஎல்லில் எழுதியிருந்த முகவரி 192.168.1 என்று தொடங்கியது. வீட்டு வைஃபை ரவுட்டர் கொடுத்த முகவரி அது. லிங்கராஜபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். இங்கே நாலாவது கிராஸ் உண்டு, கம்மனஹள்ளியிலும் உண்டு, பெங்களூரின் எந்த லேஅவுட்டுக்குப் போனாலும் ஒரு நாலாவது கிராஸ் இருக்கும். ஏரியா பெயர் சொல்லாமல் "நாலாவது கிராஸ், பச்சை கேட்" என்று மட்டும் சொன்னால் எந்த கூரியர்காரரும் வந்து சேர மாட்டார். 192.168 என்று தொடங்கும் முகவரியும் 10 என்று தொடங்கும் முகவரியும் அந்தந்த நெட்வொர்க்குக்குள் மட்டுமே பொருள் உள்ளவை. உலகத்தின் கோடிக்கணக்கான வீடுகளில் அதே எண் இருக்கிறது. மெயின்ஃப்ரேம் அதை வைத்துக்கொண்டு எங்கே போகும்?

சரி, விபிஎன் கொடுக்கும் முகவரியைப் போட்டால்? அதுதான் போட வேண்டியது. விபிஎன் இணைந்ததும் லேப்டாப்புக்கு நிறுவன நெட்வொர்க்குக்குள் செல்லும் இன்னொரு முகவரி கிடைக்கும். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் அடித்தால் தெரியும். ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, விபிஎன் அறுந்து மறுபடி இணையும்போது அந்த முகவரி மாறலாம். காலையில் வேலை செய்த ஜேசிஎல் மத்தியானம் வேலை செய்யாது. இரண்டு, பல நிறுவனங்களின் விபிஎன் விதிகள் லேப்டாப்பிலிருந்து சர்வர் பக்கம் போவதை மட்டுமே அனுமதிக்கும். எதிர்த்திசையில் 8001க்கு வரும் அழைப்பை ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அதைத் திறக்கச் சொல்லி நெட்வொர்க் டீமுக்கு டிக்கெட் போட்டால், "டெவலப்பர் லேப்டாப்புக்குள் எதற்கு வெளியிலிருந்து வழி?" என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான்.

இதற்கான சரியான தீர்வுக்கு வருகிறேன். அதற்கு முன் புரோகிராமைத் தயார் செய்ய வேண்டும்.

கம்பைல்: இங்கே விட்டால் எங்கும் பிடிக்க முடியாது

கோபால் கம்பைலருக்கு டெஸ்ட் என்ற ஆப்ஷன் கொடுக்க வேண்டும். இது இல்லாமல் கம்பைல் செய்தால் எஞ்சினுக்கு வரி எண்ணும் தெரியாது, வேரியபிள் பெயரும் தெரியாது.

எந்த வெர்ஷன் கம்பைலர் என்பது முக்கியம். நான்காம் வெர்ஷன் காலத்தில் செபரேட் என்ற துணை ஆப்ஷனைக் கொடுத்து, டீபக் தகவலை சிஸ்டீபக் என்ற தனி ஃபைலில் வைப்பது வழக்கம். லோட் மாட்யூல் சின்னதாக இருக்கும். ஆனால் அந்த ஃபைலை யாராவது இடம் மாற்றினால், பெயர் மாற்றினால், டீபக்கர் வெறும் கையோடு நிற்கும். 2013ல் ஐந்தாம் வெர்ஷன் வந்தபோது நிலைமை மாறியது. டீபக் தகவல் புரோகிராமுக்குள்ளேயே போய்விட்டது. ஆனால் சாதாரணமாக ஓடும்போது மெமரியில் ஏறாத பகுதியாக. கூடவே ஒரு கட்டாயமும் வந்தது: எக்சிக்யூட்டபிள் இருக்கும் லைப்ரரி பிடிஎஸ்இ ஆக இருக்க வேண்டும், பழைய பிடிஎஸ் ஆகாது. 6.2 வெர்ஷனில் செபரேட் மறுபடி திரும்பி வந்தது. உங்கள் இடத்தில் எது என்று தெரியாவிட்டால் கம்பைல் லிஸ்டிங்கின் முதல் பக்கம் பாருங்கள். வெர்ஷனும் நடைமுறையில் இருக்கும் ஆப்ஷன்களும் அங்கேயே அச்சாகியிருக்கும்.

ஆப்டிமைசேஷனைப் பற்றி ஒரு வார்த்தை. டீபக் செய்யும் காலத்தில் ஆப்ட் பூஜ்யமாக இருப்பது நல்லது. கம்பைலர் வேகத்துக்காக வரிகளை முன்பின் மாற்றிப் போட்டிருந்தால், நிற்கும் வரியைக் காட்டும் மஞ்சள் கோடு மேலும் கீழும் குதிக்கும். வேரியபிளை மாற்றினாலும் புரோகிராம் பழைய மதிப்பையே பயன்படுத்தலாம். ஈஜேபிடி என்ற துணை ஆப்ஷன் இதற்காகத்தான்: வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, நான் குதிக்கச் சொல்லும் இடத்துக்கு ஒழுங்காகக் குதி என்று கம்பைலரிடம் சொல்வது.

ஜேசிஎல்: நான்கு பகுதி, நான்காவதில்தான் விலாசம்

இனி ஓடும்போது சொல்ல வேண்டியது. இங்கேயும் டெஸ்ட் என்ற பெயர்தான். ஆனால் இது லாங்குவேஜ் என்விரான்மென்ட்டின் ரன்டைம் ஆப்ஷன். கம்பைலர் ஆப்ஷனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டும் வேண்டும்.

இதை பார்ம் வழியாகவும் கொடுக்கலாம். கோபால் மெயின் புரோகிராமுக்கு, வழக்கமான அமைப்பில், சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது புரோகிராமுக்கான பார்ம். பின்னால் இருப்பது ரன்டைம் ஆப்ஷன். மற்ற மொழிகளில் இது நேர் எதிர். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் சிஇஇஆப்ட்ஸ் என்ற டிடி கார்டு போடுங்கள். டிபி2 பேட்ச் ஜாப்களில் நம் புரோகிராமை நேரடியாக அழைப்பதில்லை. டிஎஸ்ஓ வழியாக அழைக்கிறோம். அங்கே இந்த டிடி கார்டுதான் சுலபமான வழி.

அடைப்புக்குறிக்குள் நான்கு பகுதி வரும். முதலாவது, எப்போது விழித்துக்கொள்வது: எல்லாவற்றுக்கும் என்றால் ஆல், அபெண்ட் போன்ற கோளாறுகளுக்கு மட்டும் என்றால் எரர். இரண்டாவது, கமாண்ட் ஃபைல். மூன்றாவது, தொடக்கத்திலேயே நிற்பதா என்பது: பிராம்ப்ட் என்றால் புரோகிராம் ஆரம்பத்திலேயே நின்று நமக்காகக் காத்திருக்கும். நான்காவதில்தான் விலாசம். டிசிபிஐபி என்று எழுதி, ஆம்பர்சண்ட் குறி போட்டு, நம் முகவரி, சதவீதக் குறி, 8001, அதன்பின் முக்காற்புள்ளி, நட்சத்திரம். இந்த நட்சத்திரம் இருக்கும் இடம் பிரிஃபரன்ஸ் ஃபைலுக்கானது. தனியாக எதுவும் இல்லை என்று பொருள்.

எஞ்சினின் மாட்யூல்கள் இருக்கும் லைப்ரரி ஸ்டெப்லிப்பிலோ லிங்க் லிஸ்ட்டிலோ இருக்க வேண்டும். அந்த டேட்டாசெட்டின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். முடிவில் எஸ்ஈக்யூஏமாட் என்று வரும். சிஸ்டம் புரோகிராமரைக் கேட்டால் சொல்வார்.

விலாசம் போய் யூசர் ஐடி வந்தது

இப்போது வீட்டு நெட்வொர்க் தொல்லைக்குத் தீர்வு. புதிய அமைப்பில் டீபக் மேனேஜர் என்ற ஸ்டார்டட் டாஸ்க் மெயின்ஃப்ரேமிலேயே ஓடுகிறது. இதன் வேலை இடையில் நின்று இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைப்பது. நாம் காலையில் எக்லிப்ஸிலிருந்து லாகின் செய்யும்போது வழக்கம்போல லேப்டாப்தான் மெயின்ஃப்ரேமைக் கூப்பிடுகிறது. அந்த அழைப்பை அங்கே எடுக்கும் ஆர்எஸ்இ டீமனுக்கு வழக்கமான போர்ட் 4035. அந்த இணைப்போடு சேர்ந்து டீபக் மேனேஜரிடமும் "இந்த யூசர் ஐடி இங்கே இருக்கிறது" என்று பதிவாகிவிடுகிறது. பிறகு ஜாப் ஓடி, எஞ்சின் விழித்துக்கொண்டதும், அது வெளியே எங்கும் போவதில்லை. பக்கத்திலேயே இருக்கும் டீபக் மேனேஜரிடம் யூசர் ஐடியைச் சொல்லிக் கேட்கிறது. ஏற்கெனவே திறந்திருக்கும் வழியில் திரை நம் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

ஜேசிஎல்லில் மாற்றம் சின்னது. நான்காவது பகுதியில் டிசிபிஐபியும் முகவரியும் இருந்த இடத்தில் டிபிஎம்டிடி, சதவீதக் குறி, நம் யூசர் ஐடி. அவ்வளவுதான். விபிஎன் முகவரி மாறினால் கவலை இல்லை. வீட்டு ரவுட்டரில் கை வைக்க வேண்டாம். லேப்டாப் ஃபயர்வாலில் ஓட்டை போட வேண்டாம். பார்த்தீர்களா, தொழில்நுட்பத்தில் பெரிய புரட்சி எதுவும் நடக்கவில்லை. கூப்பிடும் திசையை மட்டும் திருப்பியிருக்கிறார்கள். பிரச்சினை முழுவதும் அந்தத் திசையில்தான் இருந்தது.

உங்கள் இடத்தில் டீபக் மேனேஜர் நிறுவப்பட்டிருக்கிறதா என்று சிஸ்டம் புரோகிராமரிடம் கேளுங்கள். பல இடங்களில் நிறுவி வைத்திருப்பார்கள். டெவலப்பர்களுக்குத்தான் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்கும்போதே இணைப்புக்கு டிஎல்எஸ் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். டீபக் திரையில் வருவது வாடிக்கையாளர் பெயரும் கணக்கு எண்ணும். பழைய வழியில், தனியாக ஏற்பாடு செய்யாவிட்டால், அது பூட்டில்லாமல் பயணிக்கும்.

நின்றது, இனி என்ன?

மஞ்சள் கோடு முதல் வரியில் வந்து நிற்பதைப் பார்ப்பது தனி சந்தோஷம். ஆனால் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் சொடுக்கிச் சொடுக்கிப் போனால் பொறுமை போய்விடும். இங்கிருந்து அமெரிக்கா போய்த் திரும்ப, நெட் நன்றாக இருந்தாலே சுமார் கால் நொடி ஆகும். வாட்ச் ஜன்னலில் நூறு வேரியபிளைத் திறந்து வைத்திருந்தால், ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் அத்தனையும் கடல் தாண்டி வர வேண்டும்.

இங்கேதான், எஞ்சின் அந்தப் பக்கம் இருக்கிறது என்ற உண்மை கைகொடுக்கிறது. இலட்சம் ரெக்கார்டில் ஒரு கணக்கு எண்ணில்தான் சிக்கல் என்றால், அந்த எண் வரும்போது மட்டும் நில் என்று நிபந்தனையோடு பிரேக்பாயிண்ட் வையுங்கள். அந்த நிபந்தனையை மெயின்ஃப்ரேமே சரிபார்க்கும். அது நிறைவேறும்வரை நம் திரைக்கு எதுவும் வராது.

சொல்லப்போனால் இந்த ஊருக்குத் தொலைதூர இணைப்பில் வேலை செய்வது புதிதல்ல. 1985ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் டிசைன் சென்டர் தொடங்கியபோது, வெளிநாட்டு அலுவலகத்தோடு பேச சாட்டிலைட் இணைப்புக்கென்று தனி டிஷ்ஷே நிறுவ வேண்டியிருந்தது. லிங்கராஜபுரத்திலிருந்து அதிக தூரமில்லாத மில்லர்ஸ் ரோட்டில்தான் அந்த அலுவலகம் இருந்தது. ஒரு நிறுவனமே சேர்ந்து ஏற்பாடு செய்த வசதி, இன்று மூன்றாம் மாடியில் ஒருவர் வீட்டு ஃபைபரில் வந்துவிடுகிறது.

நின்ற இடத்தில் என்ன பார்ப்பது? சாக் செவன் என்று நாம் செல்லமாகக் கூப்பிடும் எஸ்0சி7 அபெண்ட்டை எடுத்துக்கொள்வோம். காம்ப்-3 ஃபீல்டில் எண் இல்லாத ஏதோ புகுந்திருக்கிறது. சாதாரணப் பார்வையில் அந்த ஃபீல்டு வெறுமையாகவோ தவறு என்ற குறியோடோ தெரியும். ஹெக்ஸுக்கு மாற்றுங்கள். பேக்டு டெசிமலின் கடைசி அரை பைட் குறிக்கானது. அங்கே பெரும்பாலும் சி, டி, எஃப் ஆகிய மூன்றில் ஒன்று இருக்க வேண்டும். 40, 40, 40 என்று வரிசையாக இருந்தால் அது எப்சிடிக் ஸ்பேஸ். மேலே யாரோ குரூப் லெவலில் ஸ்பேசஸ் மூவ் செய்திருக்கிறார்கள். ஆளைக் கண்டுபிடிக்க அந்த ஃபீல்டின் மேல் ஒரு வாட்ச் பிரேக்பாயிண்ட் போதும். மதிப்பு மாறும் வரியிலேயே நிற்கும்.

எழுத்துகள் விநோதமாகத் தெரிந்தால், முக்கியமாகச் சதுர அடைப்புக்குறிகள் வேறு ஏதோவாக வந்தால், கோட்பேஜைப் பாருங்கள். மெயின்ஃப்ரேம் பக்கம் 1047 என்றும் நம் பக்கம் 037 என்றும் இருந்தால் இந்தக் குளறுபடி வரும். இரண்டும் எப்சிடிக்தான்; சில குறிகளின் இடம் மட்டும் வேறு.

சிஐசிஎஸ்: வலையை அகலமாக வீசாதீர்கள்

ஆன்லைன் புரோகிராமுக்கு ஜேசிஎல் கிடையாது. சிஇஇஆப்ட்ஸ் கார்டை சிஐசிஎஸ் கண்டுகொள்ளாது. அங்கே டிடிசிஎன் என்ற டிரான்சாக்ஷனை அடித்தால் ஒரு திரை வரும். எந்த டிரான்சாக்ஷன், எந்த புரோகிராம், எந்த யூசர், எந்த டெர்மினல் என்று நிரப்பி, திரை எங்கே வர வேண்டும் என்பதையும் சொல்லி சேவ் செய்ய வேண்டும். சிஐசிஎஸ்ஸின் சொந்த வழியாக சிஏடிபி என்று இன்னொன்றும் உண்டு.

இதில் புரோகிராம் பெயரை மட்டும் நிரப்பிவிட்டு யூசர் ஐடியைக் காலியாக விட்டால், அந்த புரோகிராமை யார் ஓட்டினாலும் நம் டீபக்கர் பிடித்துக்கொள்ளும். டெஸ்டிங் டீமில் ஒருவர் என்டர் தட்டிவிட்டுக் காத்திருப்பார். கீழே அந்த எக்ஸ் குறி அசையாமல் நிற்கும். அவர் திரையை உறைய வைத்திருப்பது லிங்கராஜபுரத்தில் டீ குடிக்கப் போன யாரோ ஒருவர் என்பது அவருக்குத் தெரியாது. யூசர் ஐடியைக் கட்டாயம் போடுங்கள். வேலை முடிந்ததும் புரொஃபைலை அழியுங்கள்.

இன்னொன்று, மறுபடி கம்பைல் செய்தால் நியூகாப்பி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் சிஐசிஎஸ் பழைய புரோகிராமையே வைத்துக்கொண்டிருக்கும். நாம் சோர்ஸில் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்போம், ஓடுவது இன்னொன்றாக இருக்கும்.

நிறுத்துவதற்கு ஒரு விலை உண்டு

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஐபிஎம் 360/44 இருந்த எழுபதுகளில், சென்னை ஐஐடியில் 1973ல் 370/155 வந்த நாட்களில், புரோகிராமை நடுவில் நிறுத்தி உள்ளே பார்ப்பது மாணவர்களுக்கு நினைத்துப் பார்க்க முடியாத ஆடம்பரம். கார்டு அடுக்கைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். பிரிண்ட் அவுட் பிறகு வரும். விழுந்திருந்தால் ஹெக்ஸ் டம்ப்பும் பென்சிலும்தான் துணை. இயந்திர நேரம் அத்தனை விலை உயர்ந்தது. மனிதருக்காக இயந்திரம் காத்திருக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

டீபக்கர் அந்தச் சட்டத்தைத் திருப்பிப் போட்டது: நாம் யோசிக்கும்வரை இயந்திரம் காத்திருக்கிறது. ஆனால் மெயின்ஃப்ரேமின் அடிப்படைக் குணம் மாறவில்லை. அது இன்றும் பலர் பகிர்ந்துகொள்ளும் இயந்திரம். நம் லேப்டாப்பில் ஜாவா புரோகிராமை ஒரு மணி நேரம் பிரேக்பாயிண்ட்டில் நிறுத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. அங்கே நிறுத்தினால், நாம் பிடித்து வைத்திருக்கும் டிபி2 லாக்கும் சேர்ந்து நிற்கும். பக்கத்து டீமின் ஜாப் மைனஸ் 911 என்று உருளும். டிஸ்ப் ஓல்டு போட்டு எடுத்த டேட்டாசெட்டுக்காக இன்னொருவர் ஜாப் வரிசையில் நிற்கும். இங்கே காலை ஒன்பது என்றால் நியூயார்க்கில் முந்தைய நாள் இரவு. பல இடங்களில் பேட்ச் ஓடும் நேரமே அதுதான் என்பதை மறக்கக் கூடாது.

சிஸ்டமும் நம்மை வெகு நேரம் பொறுக்காது. பிரேக்பாயிண்ட்டில் நிற்கும் ஜாப், சிஸ்டத்தின் பார்வையில் எதற்கோ சும்மா காத்திருக்கும் ஜாப். அனுமதித்த காத்திருப்பு நேரம் தாண்டினால் எஸ்522 அபெண்ட்டில் அடித்துவிடும். இயல்பான அளவு பத்து நிமிடம், சிஸ்டம் புரோகிராமர் மாற்றியிருக்கலாம். ஸ்டெப் ஸ்டெப்பாக ஓட்டும்போது சிபியு நேரம் தீர்ந்தால் எஸ்322. ஜாப் கார்டில் டைம் 1440 என்று போட்டால் இரண்டிலிருந்தும் தப்பலாம், உங்கள் இடத்தில் அதை அனுமதித்தால்.

நான் டீமில் சொல்லும் வழக்கம் இதுதான்: ஃபைல்களின் சொந்தப் பிரதியில் ஓட்டுங்கள். அப்டேட் நடந்த பிறகு, கமிட்டுக்கு முன்னால் இருக்கும் வரிகளில் பிரேக்பாயிண்ட் வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். நெட் நடுவில் போனால், அந்தப் பக்கம் ஜாப் தானாக முடிந்திருக்கும் என்று நம்பி விடாதீர்கள். லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் கரன்ட் இருக்கிறது, இந்தப் பக்கம் இல்லை என்பது எங்களுக்குச் சகஜம். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஏறி, எஸ்டிஎஸ்எஃப்பில் பாருங்கள். ஜாப் இன்னும் இருந்தால் நீங்களே கேன்சல் செய்யுங்கள்.

வரவே இல்லை என்றால் எங்கிருந்து தொடங்குவது?

நெட்வொர்க்கைச் சந்தேகிப்பதற்கு முன், மெயின்ஃப்ரேம் கூப்பிட முயன்றதா என்று பாருங்கள். இந்த ஒரு கேள்வி பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஜாப் லாகிலும் மற்ற வெளியீடுகளிலும் ஈக்யூஏ என்று தேடுங்கள். இணைப்பு கிடைக்கவில்லை என்ற பொருளில் ஒரு செய்தி இருந்தால், எஞ்சின் எழுந்திருக்கிறது, கூப்பிட்டிருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. இனி நெட்வொர்க் பக்கம் போகலாம்: டீமன் ஆனில் இருக்கிறதா, விண்டோஸில் நெட்ஸ்டாட் அடித்தால் 8001 காத்திருக்கும் நிலையில் தெரிகிறதா, ஜேசிஎல்லில் இருப்பது இன்றைய விபிஎன் முகவரிதானா, ஃபயர்வால் என்ன சொல்கிறது. டீபக் மேனேஜர் வழி என்றால், எக்லிப்ஸில் லாகின் ஆகியிருப்பது ஜேசிஎல்லில் எழுதிய அதே யூசர் ஐடியிலா என்று பாருங்கள்.

ஈக்யூஏ செய்தி எதுவுமே இல்லை என்றால், எஞ்சின் எழவே இல்லை. நெட்வொர்க் டீமைத் தொந்தரவு செய்யாதீர்கள். சிஇஇஆப்ட்ஸ் டிடி பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தால், சிஸ்டம் அதை யாரோ வைத்த வேண்டாத டிடி என்று கண்டுகொள்ளாமல் போய்விடும்; எரர் கூட வராது. இதைப் பிடிக்க ரிப்போர்ட் ஆப்ஷன்ஸ் என்ற ரன்டைம் ஆப்ஷனை பார்ம் வழியாக ஆன் செய்து ஓட்டுங்கள். எந்தெந்த ஆப்ஷன் நடைமுறையில் இருக்கிறது, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று பட்டியல் போட்டுத் தரும். டெஸ்ட் வரியில் நம் விலாசம் இருக்கிறதா என்று அதில் பார்க்கலாம். இருந்தும் நிற்கவில்லை என்றால் ஸ்டெப்லிப் வரிசையைப் பாருங்கள். மேலே இருக்கும் லைப்ரரியில் டெஸ்ட் இல்லாமல் கம்பைல் ஆன பழைய பிரதி ஒன்று உட்கார்ந்திருக்கும்.

கம்மனஹள்ளித் தம்பிக்கு நடந்தது முதல் வகை. ஸ்பூலில் அந்தச் செய்தி ஓடியிருந்தது. ரிட்டர்ன் கோட் ஜீரோ என்பதால் அவர் கீழே இறங்கிப் பார்க்கவில்லை. டிபிஎம்டிடிக்கு மாற்றியதும் நின்றது.

மெஷின் இல்லாதவர்களுக்கு

கல்லூரி மாணவர்கள் சிலர், வீட்டில் உட்கார்ந்து மெயின்ஃப்ரேம் பழக வழி உண்டா என்று கேட்கிறார்கள். ஐபிஎம் நடத்தும் இசட் எக்ஸ்ப்ளோர் இலவசம். உண்மையான இசட்/ஓஎஸ் இயந்திரத்தில் யூசர் ஐடி கிடைக்கும்; விஎஸ் கோடும் ஜோவியும் வைத்துக்கொண்டு டேட்டாசெட், ஜேசிஎல், கோபால் எல்லாம் பழகலாம். சொந்தக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க ஆசை என்றால் ஹெர்குலிஸ் என்ற எமுலேட்டர் இருக்கிறது. அதில் எழுபதுகள், எண்பதுகளின் எம்விஎஸ் 3.8ஐ ஏற்றலாம். மேலே சொன்ன டீபக்கர் அதில் கிடைக்காது. ஆனால் டம்ப் படிக்க நன்றாகப் பழகலாம்.

டம்ப் படிக்கத் தெரிவதை இன்றும் நான் மதிக்கிறேன். டிஸ்பிளே போட்டுத் தேடுபவரையும் கேலி செய்ய மாட்டேன். புரொடக்ஷனில் டீபக்கரைத் தொட விடமாட்டார்கள், விடவும் கூடாது. அங்கே விழுந்ததைக் கண்டுபிடிக்க மிஞ்சுவது டம்ப்பும் பழைய டிஸ்பிளே வரிகளும்தான். டீபக்கர் நல்ல கருவி. அதை அமைக்கும்போது பாதியில் சிக்கிக்கொண்டால், புதிதாக எந்த ஆப்ஷனையும் சேர்ப்பதற்கு முன் ஒரு தாளில் இரண்டு கட்டம் வரைந்து, நடுவில் ஓர் அம்புக்குறி போடுங்கள். அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று உறுதியாகத் தெரியும்வரை ஜேசிஎல்லைத் தொடாதீர்கள்.